நெய்வேலியில் ஒரு கரப்பான் பெட்டி

வாசகர் கேள்விகளுக்குப் பெரும்பாலும் மேசையில் உட்கார்ந்தபடியே பதில் எழுதிவிடலாம். சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அப்படி எழுத முடியவில்லை. மந்தாரக்குப்பம் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்.

“எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வந்த பணத்தில் மனை வாங்கி வீடு கட்டியது போக மீதி பேங்கில் இருக்கிறது. மகன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கரப்பான் பூச்சி வளர்த்தால் நல்ல வருமானம், வெளிநாட்டு ஓணான் வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்குகிறார்கள் என்று சொல்கிறான். தாய்ப்பூச்சியும் பெட்டியும் கொடுத்து, குஞ்சுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆளும் இருக்கிறாராம். பணத்தைப் போடலாமா? வீட்டுக்குள் கரப்பான் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்கிறார் மாமியார். உண்மையைச் சொல்லுங்கள்.”

முதலில் சிரித்தேன். நிலத்துக்கு வந்த பணம் என்ற வரியை மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றது. இந்தக் கரப்பானை நான் படத்தில் பார்த்ததோடு சரி. நேரில் பார்க்காமல் ‘போடு’ என்றோ ‘போடாதே’ என்றோ சொல்வது சரியில்லை. விசாரித்ததில் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே ஓர் இளைஞர் வளர்க்கிறார் என்று தெரிந்தது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பண்ருட்டியில் பஸ் ஏறினேன்.

பலாவும் முந்திரியும் தாண்டி

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் சாலை நம் மாவட்டத்தின் செம்மண் மேட்டில் போகிறது. அந்த மாதத்தில் சாலையோரம் எங்கும் பலாப்பழக் குவியல்தான். காடாம்புலியூர் தாண்டினால் இருபுறமும் முந்திரித் தோப்பு. சிவந்த மண்ணில் ஆங்காங்கே கரையான் புற்றுகள் இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும். இத்தனை வருடம் அவற்றைப் பார்த்தாலே எந்த மரத்துக்குக் கேடு என்றுதான் யோசித்திருக்கிறேன். அன்று சாயங்காலம் வேறு மாதிரி யோசிக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே போனால் வேறு ஊர். நேரான அகலச் சாலைகள், இருமருங்கும் நிழல் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்து எண் போட்ட குடியிருப்புகள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸைச் சுற்றியும் கொஞ்சம் இடம். அதில் மா, தென்னை, முருங்கை, சில வீடுகளில் பலா. ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள் விவசாயத்தை விடவில்லை என்பது அந்தத் தோட்டங்களைப் பார்த்தால் தெரியும். அவை சொந்த இடம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த ஊர் பிறந்ததே ஒரு விவசாயியின் கிணற்றிலிருந்துதான். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அது எரிந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகையைத் தொட்டார்கள். 1962-ல் மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தில்தான் நம் பம்புசெட்டுகள் பல ஓடின. அதற்காக நிலம் கொடுத்த ஊர்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கடிதம் எழுதிய அம்மாவின் ஊர் அவற்றில் ஒன்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அந்த இளைஞரின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். இன்னும் ஒன்றரை வருடம் சர்வீஸ் இருக்கிறது. “வாங்க சார், காபி சாப்பிடுறீங்களா, இல்ல பூச்சியப் பார்த்துட்டு வந்து சாப்பிடுறீங்களா? சில பேருக்குப் பார்த்த பிறகு இறங்காது” என்றார். “முதல்ல காபி அண்ணே” என்றேன்.

மகன் கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறார். பின்பக்க அறையில் மூன்று கண்ணாடிக் கூண்டுகள். முதல் கூண்டில் கைநீளத்தை விடப் பெரிதாக ஒரு பச்சை இகுவானா.

“இது ஒரு நாளைக்கு எத்தனை கரப்பான் சாப்பிடும் தம்பி?” என்றேன்.

“ஒண்ணுகூட சாப்பிடாது சார். இது கீரை தின்கிறது. செம்பருத்தி இலை, பூசணிக்காய், முருங்கைக்கீரைதான் போடுறேன்.”

நான் அங்கே கற்றுக்கொண்ட முதல் செய்தி இது. வெளிநாட்டு ஊர்வன வளர்ப்போர் எல்லோரும் பூச்சி வாங்குபவர்கள் இல்லை. இகுவானா இலை தின்னும். மலைப்பாம்பு வகைகளுக்கு எலி வேண்டும். பூச்சி தின்பவை தாடி ஓணான், சில பல்லி வகைகள் ஆகியவைதான். அடுத்த இரண்டு கூண்டுகளில் இருந்தவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாடி ஓணான்கள். அவையும் குட்டியாக இருக்கும்போதுதான் நிறையப் பூச்சி தின்னும். வளர்ந்த பிறகு பாதிக்கு மேல் காய்கறியும் கீரையும்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு பெட்டியைத் திறந்தார். நாம் துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான். மூடியில் சதுரமாக வெட்டி எஃகு வலை ஒட்டியிருக்கிறார். உள்ளே மண்ணோ மரத்தூளோ இல்லை. முட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார். ஓர் அட்டையைத் தூக்கியதும் பழுப்பு நிறத்தில் பூச்சிகள் இருட்டைத் தேடி ஓடின.

இதன் பெயர் பிளாப்டிகா டூபியா. வளர்ப்போர் சுருக்கமாக டூபியா என்கிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்த பூச்சி நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஆணுக்கு முழு இறக்கை, பெண்ணுக்கு இறக்கை அடிக்கட்டை மட்டும். நம் வீட்டுக் கரப்பான் போல வழுவழுப்பான சுவரில் ஏறாது. அதுபோல முட்டைக்கூட்டை வெளியே போட்டுவிட்டுப் போவதும் இல்லை. முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துக் குஞ்சாக ஈனும். ஒரு தடவைக்கு 20 முதல் 30 குஞ்சுகள், சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. குஞ்சு வளர்ந்து தாயாக நாலு முதல் ஆறு மாதம் ஆகும்.

தீனி கோதுமைத் தவிடு, கோழிக்குஞ்சுத் தீவனம், கேரட், பூசணித் தோல். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் விழுந்து சாகும் என்பதால் நனைத்த பஞ்சு வைக்கிறார். ஒரு ஆணுக்கு மூன்று, நாலு பெண் என்ற கணக்கில் விட்டு, மிச்ச ஆண்களை ஓணானுக்குப் போட்டுவிடுகிறார். மாதம் ஒரு தடவை அடியில் சேரும் எச்சத்தைச் சலித்தெடுத்து ரோஜாச் செடிக்குப் போடுகிறார். பெட்டி நிற்கும் பலகையின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் இருக்கின்றன. எறும்பு வந்தால் ஒரே இரவில் குஞ்சுகளைக் காலி செய்துவிடுமாம். குளிர் நாடுகளில் பெட்டிக்கு அடியில் சூடாக்கும் தகடு வைக்கிறார்கள். நெய்வேலிக்கு அது தேவையே இல்லை.

“செத்துப்போனதே இல்லையா?” என்று கேட்டேன்.

“ஒரு தடவை பாதிப் பெட்டி போயிடுச்சு சார். கடையில வாங்கின கோஸ் இலையைக் கழுவாமப் போட்டுட்டேன்.”

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. பூச்சி செத்த கோஸை நாம் சமைத்துச் சாப்பிட்டிருப்போம். அதைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

கணக்கு போட்டுப் பார்த்தோம்

வேளாண்மைத் துறைக்காரனுக்குப் பூச்சி வளர்ப்பு புதிது இல்லை. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு நாம் கட்டும் ட்ரைக்கோகிரம்மா முட்டை அட்டை எங்கிருந்து வருகிறது? கார்சிரா என்ற அரிசி அந்துப்பூச்சியைத் தட்டில் கம்பு நொய்யும் நிலக்கடலைப் பொடியும் போட்டு வளர்த்து, அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, அதில் ஒட்டுண்ணிக் குளவியை விட்டுத்தான் தயாரிக்கிறோம். ஏக்கருக்கு ஒரு சி.சி. முட்டை, நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை ஆறு தடவை. எத்தனை ஏக்கர் கரும்பு என்று தெரிந்தால் எத்தனை தட்டு வேண்டும் என்று சொல்லிவிடலாம். தேவையைத் தெரிந்துகொண்டு பிறகு பூச்சியை வளர்க்கிறோம்.

அதே கணக்கை இங்கேயும் போட்டோம். நோட்டில் எழுதியது அந்தத் தம்பிதான்.

ஒரு பெட்டியில் 100 பெண் பூச்சி. ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு 25 குஞ்சு என்றால் 2,500 குஞ்சு. மாதத்துக்கு 1,250. அவர் வீட்டில் வளர்ந்த ஒரு தாடி ஓணானுக்கு வாரம் 25 பூச்சி போதும், அதாவது மாதம் 100. ஆக ஒரு பெட்டி, 12 ஓணானுக்குத் தீனி போடும். பத்துப் பெட்டி வைத்தால் 125 ஓணான் வேண்டும்.

“நெய்வேலி முழுக்க எத்தனை தாடி ஓணான் இருக்கும் தம்பி?”

“எனக்குத் தெரிஞ்சு இந்த ரெண்டுதான் சார்.”

“வெளியூருக்கு விற்றதுண்டா?”

“நாலு பேர் வாங்கினாங்க. பாண்டிச்சேரியில ரெண்டு, சென்னையில ரெண்டு. அதுல ஒருத்தர் என்கிட்ட வாங்கின பூச்சியிலயே பெட்டி போட்டுட்டார். இப்ப அவர் விக்கிறார்.”

இதை நாம் கவனிக்க வேண்டும். நாம் விற்கும் நெல்லை வாங்குபவர் சோறாக்கிச் சாப்பிடுவார், அடுத்த மாதம் மறுபடி வாங்க வருவார். உயிரோடு விற்கும் பூச்சியில் வாங்குபவர் பத்துப் பெண் பூச்சியை ஒதுக்கி வைத்தால் ஆறு மாதத்தில் நம்மிடம் வர வேண்டியதில்லை. வளர்ப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சீக்கிரம் வாடிக்கையாளர் போய்விடுவார்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, ஆசையும் காட்டவில்லை. “எனக்கு இது செலவு மிச்சம் சார், வருமானம் இல்ல” என்றார். உள்ளதைச் சொன்னதற்காக அவருக்கு இந்தப் பத்தியில் நன்றி சொல்கிறேன்.

சட்டமும் ஆபத்தும்

கிளம்பும் முன் இகுவானாவுக்கான பதிவுச் சான்றைக் காட்டினார். 2022-ல் திருத்திய வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். இகுவானா அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஆகவே வளர்ப்போர் எண்ணிக்கை தறிகெட்டுக் கூடப்போவதில்லை.

நம் ஊர் உயிரினங்கள் விஷயம் வேறு. உடும்பு, நட்சத்திர ஆமை, பச்சோந்தி, சாரை இவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். ‘வீட்டில் குட்டிதான் வைத்திருக்கிறோம்’ என்ற பேச்சு எடுபடாது.

பூச்சிக்கும் சட்டம் உண்டு. உயிருள்ள பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர, 2003-ம் வருடத்துப் பயிர்த் தொற்றுத் தடுப்பு இறக்குமதி ஆணைப்படி அனுமதி வேண்டும். தாய்ப்பூச்சி தருகிறேன் என்பவரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த விஷயத்தில் நாம் பட்டது போதும். 2008-ல் கோயம்புத்தூரில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி வரை அழித்தது. 2016-ல் பொள்ளாச்சியில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இன்று நம் தென்னையிலும் இருக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. டூபியா பயிரைத் தின்று அழிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் வெயிலும் ஈரமும் உள்ள புளோரிடா மாநிலம் இதை அனுமதிப்பதில்லை. நம் கடலூர் மாவட்டமும் அதே மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடம்தான். பெட்டியிலிருந்து வெளியே போனால் இங்கே குளிரில் சாகாது.

‘பெட்டியை விட்டு எங்கே போகும்?’ என்று கேட்கலாம். சீனாவில் மருந்துக்கென்றும், மீந்த உணவைக் கழிக்கவென்றும் பெரிய கரப்பான் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே வளர்ப்பது நம் சாக்கடையில் இருக்கும் சிவப்புக் கரப்பானை. 2013 ஆகஸ்டில் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு பண்ணைக் கூடாரம் சேதமாகிப் பத்து லட்சத்துக்கு மேல் பூச்சிகள் வெளியே போய்விட்டன. சுற்றியிருந்த வயல்களில் மருந்தடிக்க ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. பண்ணைக்காரர் போட்ட முதல் போயிற்று.

உடம்புக்கும் ஒரு கேடு உண்டு. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகிச் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தைகளோ பெரியவர்களோ இருக்கும் வீட்டில் நிறையப் பெட்டிகளை அடுக்கக் கூடாது.

மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு

நெய்வேலியிலிருந்து மந்தாரக்குப்பம் போகும் வழியில் தூரத்தில் மண்மலைகள் தெரியும். நிலக்கரிக்கு மேலே 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மண்ணும் மணற்பாறையும் இருக்கின்றன. ராட்சதச் சக்கரம் பொருத்திய எந்திரங்கள் அதைத் தோண்டிப் பெல்ட்டில் ஏற்றிக் கொட்டிய மேடுகள் அவை. அடியிலிருந்த மண் மேலே வந்துவிட்டது. அதில் மக்கு இல்லை, உயிர் இல்லை. அந்த மேடுகளைச் சமன் செய்து மரம் வைத்துப் பச்சையாக்குகிறார்கள். பழைய மேடுகள் சிலவற்றில் இன்று காடு போலவே நிழல் இருக்கிறது. ஆனால் நம் ஊர் மேல்மண் ஒரு விரற்கடை உண்டாகப் பல தலைமுறை ஆகும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விழுந்த இலையையும் காய்ந்த குச்சியையும் மண்ணாக்க மண்புழுவும் கரையானும் வேலை செய்ய வேண்டும்.

இந்த யோசனையோடுதான் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

மாற்று மனையில் கட்டிய இரண்டு அறை வீடு. பின்னால் நாலு சென்ட் இருக்கும். அதில் இரண்டு முருங்கை, ஒரு பசுமாடு, பதினைந்து நாட்டுக்கோழி. அதில் ஒரு கோழி பதினோரு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. மாமியார் திண்ணையில் இருந்தார். பேரன் அவரை ஆயா என்று கூப்பிட்டான்.

“வருசா வருசம் தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்க நடந்து போற குடும்பம் சார் இது. இவன் கரப்பான் வளர்த்து ஓணானுக்குப் போடுறேங்கறான்” என்று ஆயா முறையிட்டார்.

பேரன் விடவில்லை. “நீ மட்டும் கோழிக்குஞ்சுக்குக் கரையான் போட்டதில்லையா ஆயா?”

ஆயா சிரித்துவிட்டார். “அது கோழி. தின்னாம என்ன செய்யும்?”

எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். பழைய ஊரில், தன் மாமியார் காலத்திலிருந்து செய்ததைச் சொன்னார். ஒரு பழைய மண்பானை. அதில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், மக்கிய கட்டைத் துண்டு எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். விடியற்காலையில் தூக்கினால் சாக்கும் சாணமும் கரையானால் நிறைந்திருக்கும். வெயில் ஏறும் முன் குஞ்சுகள் முன்னால் உதற வேண்டியதுதான்.

“இங்க வந்த பிறகு ஏன் செய்யலை?”

“பானை எல்லாம் அந்த வீட்டோட போச்சு” என்றார்.

பேரனோடு பேசியது

அந்தப் பையன் புத்திசாலி. செல்போனில் கணக்கு வைத்திருந்தான். பெட்டி ஒன்றுக்கு எவ்வளவு போட வேண்டும், மாதம் எத்தனை குஞ்சு, ஒன்று என்ன விலை என்று எல்லாம் இருந்தது. காலையில் நெய்வேலியில் போட்ட கணக்கைக் காட்டினேன். குஞ்சுக் கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அவன் கணக்கில் ஓணான் எண்ணிக்கை மட்டும் இல்லை.

“அதான் திரும்ப வாங்கிக்கிறேங்கறாங்களே சார்” என்றான்.

2012-ல் கொங்குப் பகுதியில் ஈமுக் கோழிக்கு நடந்ததைச் சொன்னேன். அப்போது அவன் சின்னப் பிள்ளை. குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதம் பணம் தருகிறோம், கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் போட்டவர்கள் உண்டு. நிறுவனங்கள் திடீரென்று மூடிய பிறகு, பட்டினியில் கிடந்த ஈமுக்களுக்கு அரசே தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. ஈமுக்கறியைத் தினமும் தின்பவர் யார் என்று தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்பவர் போட்ட பணம்தான் பழையவருக்குப் போனது. வழக்குகள் பல வருடம் நடந்தன.

கரப்பான் பெட்டி தருகிறேன் என்பவர் எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

கடைசியில் இதைத் தின்பது யார், அல்லது பயன்படுத்துவது யார்? அவர்களில் பத்துப் பேரின் முகவரியைத் தர முடியுமா? இது முதல் கேள்வி.

திரும்ப வாங்குபவர் நாளைக்கு வாங்காவிட்டால், நம் ஊர்ச் சந்தையில் என்ன விலைக்கு விற்கும்? இது இரண்டாவது.

தாய்ப் பெட்டி விற்பதில் அவருக்கு வருமானமா, குஞ்சை விற்பதிலா? பெட்டி விற்பதில்தான் என்றால், அவருடைய வாடிக்கையாளர் ஓணான் வளர்ப்பவர் இல்லை, நீங்கள்தான்.

பையன் மூன்றாவது கேள்வியை இரண்டு தடவை படித்தான். அவனுடைய அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் பார்வை மட்டும் மகன் மேலேயே இருந்தது.

“அப்ப பூச்சி வளர்க்கவே கூடாதா சார்?” என்றான்.

வளர்க்கலாம். தின்ன வேண்டிய வாய் நம் வீட்டிலேயே இருந்தால் வளர்க்கலாம். அவர்கள் வீட்டில் பதினோரு குஞ்சு இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில்தான் புரதம் அதிகம் வேண்டும். கரையான் பானைக்கு ஒரு ரூபாய் முதல் வேண்டாம், வெளிநாட்டுப் பூச்சியும் வேண்டாம். மண்ணிலேயே இருக்கிறது. அது வெளியே போய்விடுமோ என்ற பயமும் இல்லை.

கோழி நூறு, இருநூறு என்று பெருகினால் கரையான் காணாது. அப்போது கறுப்பு சோல்ஜர் ஈயின் புழுவை யோசிக்கலாம். சமையல் கழிவிலும் அழுகிய காய்கறியிலும் தானாகவே வந்து முட்டையிடும் ஈ அது. வளர்ந்த ஈ சாப்பாட்டில் உட்காராது, கடிக்காது. புழு இரண்டு, மூன்று வாரத்தில் கழிவைத் தின்று கொழுத்துவிடும். கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீனி. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கோழி வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் யோசனை கேட்கலாம். முதலில் ஐம்பது குஞ்சு வளர்த்து விற்றுப் பார், பிறகு பேங்கில் உள்ள பணத்தைப் பற்றிப் பேசலாம் என்றேன்.

கரையான் பானை வைக்கும்போது

அன்று சாயங்காலமே பானை வைத்தோம். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பையன் ஒரு பானை வாங்கி வந்தான். ஆயா உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை வாங்கினார். ‘சாணி ஈரமா இருந்தா வராது, காஞ்சது போடு’, ‘கட்டையை அடியில வைக்காதே’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பட்டப்படிப்பில் பூச்சியியல் படித்தவன். அன்றைக்கு நான் குறிப்பெடுத்துக்கொள்ளும் மாணவன்.

அவர் சொன்னதோடு நான் சேர்ப்பவை இவை. வீட்டுச் சுவருக்கும் கதவு நிலைக்கும் பக்கத்தில் பானையை வைக்காதீர்கள், தோட்டத்தின் கடைசி மூலையில் வையுங்கள். இளம் முந்திரி, தென்னங்கன்று பக்கத்திலும் வேண்டாம். கரையானுக்காக மருந்து ஊற்றிய நிலத்தில் பானை வைக்கவே கூடாது, அந்த விஷம் குஞ்சுக்குப் போகும். ஒரே இடத்தில் தினமும் வைக்காமல் இடம் மாற்றுங்கள். புற்றை வெட்டித் தாய்க்கரையானை எடுக்க வேண்டாம், பிறகு அங்கே கிடைக்காது. கரையான் துணைத் தீனிதான். அதை மட்டும் போட்டுக் குஞ்சை வளர்க்க முடியாது. நொய்யும் தவிடும் கீரையும் வழக்கம்போல் போட வேண்டும். இரவில் வீட்டில் பிடித்த கரப்பானைக் கோழிக்குப் போடாதீர்கள். அது சாக்கடையிலும் மருந்திலும் புரண்டு வந்திருக்கும்.

மறுநாள் காலை எனக்கு அலுவலகம் இருந்ததால் இரவே வடலூர் வழியாகத் திரும்பிவிட்டேன். காலை ஆறரை மணிக்குப் பையன் போன் செய்தான். “முதல் நாள் கொஞ்சமாத்தான் வந்திருக்கு சார். ஆயா இடம் சரியில்லைங்குது. இன்னிக்கு முருங்கைக்கு அந்தப் பக்கம் வெக்கப் போறோம்.”

பதினைந்து நாள் கழித்து நானே போன் செய்தேன். தினம் ஒரு பானை வைக்கிறார்கள். பருந்து தூக்கியது ஒன்று போகப் பத்துக் குஞ்சுகள் இருக்கின்றன. பையன் இன்னும் கோழிதான் என்று முடிவு செய்யவில்லை. வேறு வேலைக்கும் மனுப் போட்டிருக்கிறான். பெட்டிக்காரரிடம் மூன்று கேள்வியையும் கேட்டானாம். இரண்டாவது கேள்விக்கு மேல் அவர் போனை எடுக்கவில்லை.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகன் சொன்ன கரப்பான் உண்மை, அதை வளர்ப்பது சுலபம் என்பதும் உண்மை. அதைத் தின்னும் வாய் நம் வட்டாரத்தில் இல்லை. நிலத்துக்கு வந்த பணத்தை அதில் போட வேண்டாம். அந்தப் பணம் இன்னொரு முறை வராது.

இந்த மாதிரித் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சோடு எந்தத் திட்டம் உங்கள் ஊருக்கு வந்தாலும், பணம் கட்டும் முன் ஒரு தபால் அட்டை எழுதுங்கள். கரையான் பானையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வேறு பக்குவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் போடுவோம்.